சத்தம் சேராத இடம்

மூளையில் அறுவை முடிந்த நமிகோவை வீட்டுக்கு அனுப்ப மத்சுமோத்தோ ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். அவளால் மாடிப்படி ஏற முடியாது. கீழே இருப்பதோ எட்டுப் பாய் விரிக்கும் அளவுள்ள அறை ஒன்றுதான். அதில் அவள் கணவன் இசாமுவின் இரண்டு ஒலிபெருக்கிகள் நின்றன. சத்தம் பட்டால் அவளுக்குத் தலைக்குள் ஊசி இறக்கியதுபோல் வலிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பிரிச்சு விறகுக்குப் போட்டுடறேன்க்கா," என்றான் இசாமு.

ஹருயோ தம்பியைப் பார்த்தாள். வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து, குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவன். விடுமுறை நாட்களில் தேவதாருப் பலகையை அறுத்து இழைத்து, அந்த இரண்டையும் தன் கையாலேயே செய்தான். பெட்டி கிடையாது. நெஞ்சு உயரப் பலகை, அதில் ஸ்பீக்கர், முதுகு திறந்தபடி. விளிம்பில் எங்கே தடவினாலும் ஒரு சிராய் குத்தாது. கடைத்தெருவில் யார் அகப்பட்டாலும் ஹருயோ இதைச் சொல்லாமல் விடமாட்டாள். அவனிடம் மட்டும், "முதுகுக்குப் பலகை பத்தலையாடா?" என்பாள்.

"நமிகோ என்ன சொல்றா?"

"பிரிச்சா வீட்டுக்கே வரமாட்டாளாம்."

"அப்ப ரெண்டு பேருக்கும் இடம் பாரு."

அவன் தன் பலகையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினான். "இது முன்னால காத்தைத் தள்ளும்போது பின்னால இழுக்கும். ரெண்டும் இந்த ஓரத்துல வந்து ஒண்ணை ஒண்ணு தின்னுடும். ஓரத்துக்கு நேரா அவ தலை இருந்தா, அவ்வளவா கேக்காது."

"தின்னட்டும். நீயும் ரெண்டு வாய் தின்னுட்டு ஆரம்பி," என்று சோற்று உருண்டையை நீட்டினாள் ஹருயோ.

பலகைகள் வடக்குச் சுவரைவிட்டு, கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நின்றன. சுவரோடு ஒட்டினால் பின்சத்தம் உடனே திரும்பி வந்து பாட்டைக் கலக்கிவிடும். இரண்டையும் தன் நாற்காலியைப் பார்த்துச் சற்று உள்ளே திருப்பி வைத்திருந்தான். அப்போதுதான் பாடுகிறவள் நட்ட நடுவில் நின்று பாடுவதுபோல் கேட்கும். இப்போது அவற்றை நிமிர்த்தி ஒரே கோட்டில் நிறுத்தினான். கோட்டின் கிழக்கு முனையில் படுக்கை. எதிரே தெற்குக் கண்ணாடிக் கதவில் மோதி வரும் சத்தத்தை விழுங்க அங்கே மெத்தைகளைத் தொங்கவிட்டார்கள்.

தேநீர் வைக்கப் போன ஹருயோ திரும்பியபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இசாமு நெஞ்சுவரை போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் படுத்திருந்தான்.

அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இடம் கிடைச்சிடுச்சுக்கா. வந்து படுத்துப் பாரு."

"எழுந்திரு."

"ஏன்?"

"தலை எந்தப் பக்கம் இருக்கு?"

அவன் சுவரைப் பார்த்தான். சடாரென்று எழுந்தான். அந்த ஊரில் பிணத்தைத்தான் வடக்கே தலைவைத்துக் கிடத்துவார்கள். அவர்கள் அம்மாவையும் இதே அறையில் அப்படித்தான் கிடத்தினார்கள். காதிலேயே கவனமாக இருந்தவனுக்குத் திசை மறந்துபோயிருந்தது.

படுக்கையைத் தலைமாற்றிப் போட்டால் நமிகோவின் காது பலகைகளுக்கு முன்னால் போய்விடும். குறுக்கே போட்டால் பலகை இடிக்கும். பலகைகளை நகர்த்த மிச்சமிருந்தது மேற்குப் பக்கம். அங்கே சுவர் இல்லை, மெத்தை வைக்கும் அலமாரிதான். அதன் காகிதக் கதவில் பட்ட பின்சத்தம் பாதி உள்ளே போய்விடும், மீதி கதவை நடுக்கும். இத்தனை வருஷமும் அந்தப் பக்கம் பலகையை அவன் கொண்டுபோனதே இல்லை. விரலால் கதவை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். முதல் பலகையைத் தூக்கினான். மறுமுனையை ஹருயோ பிடித்தாள்.

நமிகோ வந்தாள். தெற்குக் கண்ணாடிக் கதவோரம், மேற்கே தலை வைத்துப் படுத்தாள். மறுநாள் மதியம் இசாமு ஓர் இசைத்தட்டை எடுத்துப் போட்டான். நாற்காலியில் உட்கார்ந்தும் அவன் தட்டைக் கவனிக்கவில்லை. அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓடுதா?" என்றாள் நமிகோ.

"ஓடுது. வலிக்குதா?"

"பக்கத்து வீட்ல ஓடற மாதிரி இருக்கு." சற்றுப் பொறுத்து, "கொஞ்சம் என் பக்கம் திருப்புங்க," என்றாள்.

"வேண்டாம்."

"ஒரு விரக்கடை. அண்ணி, நீங்க சொல்லுங்க."

"கேக்கறால்ல, திருப்பேன்டா," என்றாள் ஹருயோ.

பக்கத்திலிருந்த பலகையை மட்டும் அவன் துளி திருப்பினான். மூவரும் காத்திருந்தார்கள். நமிகோவின் புருவம் நெரிந்தது. பிறகு மெல்லத் தளர்ந்தது.

"பொம்பளக் குரல்," என்றாள். "நல்லாப் பாடறாளா?"

"எனக்குக் கலங்கித்தான் கேக்குது. ஆள் எங்க நிக்கிறான்னே தெரியல."

"சரிதான். எனக்கும் அரைகுறை, உங்களுக்கும் அரைகுறை."

பாட்டு முடிந்து ஊசி உரசிக்கொண்டிருந்தது. இசாமு எழுந்துபோய் அதே பக்கத்தை முதலிலிருந்து வைத்தான். நாற்காலிக்குத் திரும்பாமல் அவள் படுக்கையோரம் பாயில் உட்கார்ந்தான்.