இரண்டு பட்டை உயர்ந்த ஜீப்பு

எங்கள் ஜீப்பு போடியில் ஓடிய மற்ற ஜீப்புகளைவிட ஒரு சாண் உயரம். எழுபதுகளின் கடைசியில் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, நானும் மனைவியும் அங்கேயே குடியிருந்தோம். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் போவது பாதையே அல்ல. தண்ணீர் வற்றிய ஓடைக்கு யாரோ பாதை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல் அடித்து அடித்து வண்டியின் அடிப்பக்கம் நசுங்கியது. போடிப் பட்டறைக்காரர் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் இரண்டு இரும்புப் பட்டை கூடுதலாக வைத்து வண்டியைத் தூக்கிவிட்டார். கல் அடிப்பது நின்றது. ஆனால் குலுக்கலை அடக்க வேண்டிய ஷாக்கப்சர்கள் பழைய உயரத்துக்குச் செய்தவை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவை எட்டாமல் இழுபட்டன. பின்பக்கத்து இரண்டும் எண்ணெய் கக்கிச் செத்தே போயின.

நான் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. மனைவி இரண்டாவது முறை உண்டானபோதுதான் பட்டறை ஞாபகம் வந்தது.

முதல் முறை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. ஒரு கல்யாணத்துக்காக இதே ஜீப்பில் போடிக்குப் போய்வந்த மறுவாரம் அது நடந்தது. "தானா நடக்கிறதும்மா, வண்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றார் டாக்டரம்மா. ஊரோ, "அந்தக் குலுக்கல்ல எப்படித் தங்கும்?" என்றது. மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவே இல்லை. என்னையும் என் வண்டியையும்தான் மனசுக்குள் வைகிறாள் என்று நானாக எடுத்துக்கொண்டேன். இப்போது எட்டாம் மாதம். வளையல் போட்டு, போடியில் தாய்வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். நல்ல ஷாக்கப்சர் மாட்டாமல் அவளை ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். அங்கே பிடித்தது சனி.

முதலில் பட்டறைக்காரரிடம் போனேன். "கம்பெனி சாமான் வாங்கிராதீக. தூக்குன வண்டிக்கு அது எட்டாது, மொதப் பள்ளத்துலயே புடுங்கிக்கிரும். பழசையே அறுத்து, நீட்டி, எண்ணெய ஊத்தி வெல்டு வச்சுத் தர்றேன்" என்றார். செலவும் குறைவு. சந்தோஷமாக ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தால், அங்கே எனக்கு முன்பிருந்தே மலைக்கு வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வெல்டு வச்சா அது ஷாக்கப்சர் இல்ல மாப்ளே, வெறும் கம்பி. மதுரைக்குப் போ. வேன்ல கழட்டுன பழசு கெடைக்கும், நீளமும் சரியா இருக்கும்."

வீட்டுக்குச் சாமான் கொண்டுவந்த மச்சினன் அதையும் கெடுத்தான். "எதுக்கு மச்சான் இந்தச் சோலி? கழட்டி எறிஞ்சுட்டு ஓட்டுங்க. மலையில பாதி வண்டி அப்படித்தான் ஓடுது."

யாராவது ஒருவர் முட்டாள்தனமாகப் பேசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மூன்று பேர் சொன்னதும் சரியாகவே பட்டது, அதுதான் தொல்லை. நீளமானதைப் புதிதாக வாங்கலாமா என்று விசாரித்தேன். மெட்ராஸிலிருந்து வரவழைக்க வேண்டுமாம். விலையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

கடைசியில் மதுரைக்கு ரயிலேறினேன். பழைய சாமான் கடைக்காரர் குவியலிலிருந்து இரண்டை உருவி, தரையில் ஊன்றி அமுக்கிக் காட்டினார். ஒன்று அமுங்க மறுத்தது, மற்றது சொன்னபடி கேட்டது.

"இது ரெண்டும் ஒரே சோடிதானா?"

"ஒரே சோடிதான்ணே. ஒருத்தன் கொஞ்சம் கோவக்காரன். ஓட ஓடச் சரியாப் போவான்."

கெட்டியாக இருப்பது நல்லதா, இளக்கமாக இருப்பது நல்லதா? பிள்ளைத்தாய்ச்சிக்கு எது ஏற்றது? கடைக்காரரிடம் அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. இரண்டையும் சாக்கில் சுற்றி வாங்கி வந்தேன். போடி வருவதற்குள் சாக்கிலிருந்த இளக்கமான சாது என் வேட்டியில் எண்ணெய் விட்டிருந்தான். அது உள்ளிருந்து கசிந்ததா, வெளியே இருந்த அழுக்கா என்பதற்கும் பட்டறையில் இரண்டு அபிப்பிராயம் சொன்னார்கள்.

மாட்டியாயிற்று. சோதிக்க வேண்டுமே? முன் சீட்டில், அவள் உட்காரப் போகும் இடத்தில், கழுத்தளவு தண்ணீரோடு ஒரு சொம்பைச் சாக்கு அணை கொடுத்து வைத்தேன். பின்னால் வழக்கம்போல ஆட்களும் அரிசி மூட்டையும் பிதுங்க மலையேறினேன். தோட்டத்தில் போய்ப் பார்த்தால் சொம்பில் பாதிதான் இருந்தது. சிந்திய ஈரமும் இல்லை. குழம்பிப்போய் நின்றேன்.

"தாகமா இருந்துச்சு அப்பு, ரெண்டு மடக்குக் குடிச்சேன்" என்றார் பின்னால் இருந்து இறங்கிய பெரியவர். வந்த கோபத்தில் நான் பேசியதை எழுத முடியாது.

மறுநாள் எல்லோரையும் மிரட்டிவிட்டு ஓட்டினேன். நாலு சொட்டு சிந்தியதோடு சரி. கோவக்காரனும் சாதுவும் ஒத்துப்போய்விட்டார்கள் என்று மனம் குளிர்ந்தது.

மாமியாருக்கு முழங்கால் வலி, மலையேற முடியவில்லை. அதனால் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள்தான் கூடி அவளுக்கு வளையல் அடுக்கினார்கள். முறைப்படி தாய்வீடுவரை கூட வந்து விடுவதற்குப் புடவை மாற்றித் தயாராக நின்றார்கள். நான் மறித்தேன். நெரிசல் வேண்டாம், காலை நீட்டிச் சௌகரியமாக வரட்டும் என்பது என் எண்ணம். வண்டியைக் கழுவி, பின்னால் ஒரு துரும்பு இல்லாமல் இறக்கி, முன் சீட்டில் தலையணை போட்டிருந்தேன்.

"நாங்க என்ன மூட்டையா, எடத்த அடைக்க? வாங்கடி, நாம பஸ்சுல போவோம்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் குறுக்குத்தடத்தில் இறங்கினார்கள்.

வேலியைத் தாண்டியதும் ஜீப்பு கன்றுக்குட்டிபோலத் துள்ளியது. மெதுவாகப் போனாலும் துள்ளியது, இன்னும் மெதுவாகப் போனாலும் துள்ளியது. அவள் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்திருந்தாள். முந்தாநாள் தண்ணீர் சிந்தாத வண்டிக்கு இன்று என்ன கேடு? எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கை முழுக்க வளையல்கள் கலகலவென்று மோதிக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது.

"நிறுத்துங்க" என்றாள்.

போச்சு என்று நினைத்தேன். இன்னொரு முறையும் போச்சு. அவள் இறங்கி ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த வண்டி என்னைக்காச்சும் காலியா ஓடியிருக்கா? ஆளும் மூட்டையுமா அமுங்கிப் போனாத்தான் இது அசையாமப் போகும். ரெண்டு பட்டை கூட வச்சது நீங்கதானே? அவுகளக் கூப்பிடுங்க."

கீழே வளைவில் அந்தப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கத்திக் கூப்பிட்டேன். "என்னப்பு, இப்ப எடம் வந்துருச்சா?" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்கள். வழியில் மூட்டையோடு நின்றவர்களையும் ஏற்றினேன். வண்டி பெருமூச்சு விட்டு அமர்ந்தது. பாதையிலும் கொண்டையூசி வளைவுகளிலும் வளையல் சத்தம் எழும்பவே இல்லை. பாதி மலையில் திரும்பிப் பார்த்தேன், அவள் பட்டாணி தின்றுகொண்டிருந்தாள்.

போடியில் மாமியார் வீட்டு வாசலில் பெண்கள் இறங்கி ஆரத்தி கரைக்கச் சொல்லி உள்ளே போனார்கள். நான் வண்டிக்கு அடியில் குனிந்தேன். பின்னால் ஒரு பக்கம் போல்ட் அறுந்து, கோவக்காரனைக் காணவே காணோம். இன்னொரு பக்கம் சாது முழு எண்ணெயையும் கொட்டிவிட்டு உலர்ந்துபோயிருந்தான். எந்த இடத்தில் போனது, ஆள் ஏறுவதற்கு முன்பா பின்பா, தெரியவில்லை. அறுந்த போல்ட்டை அவளிடம் காட்டினேன்.

"பின்னாடி ஷாக்கப்சரே இல்லாமத்தான் வந்திருக்கோம் புள்ள."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். போல்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அன்னைக்குக் கலைஞ்சதும் இந்தக் குலுக்கலால இல்லைதானே? கல்யாணத்துக்குப் போயே ஆகணும்னு நான்தானே அடம் புடிச்சேன்."

இத்தனை நாள் அவள் வைதது என்னை அல்ல. கெட்டியா இளக்கமா, அழுக்கா கசிவா என்று ஒரு மாதமாக எதையும் உறுதியாகச் சொல்லத் தெரியாமல் அலைந்தவன் நான். இதுவும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

"இல்ல" என்றேன். "அதுனால இல்லவே இல்ல."

அவள் போல்ட்டை என் கையில் கொடுத்துவிட்டு, ஆரத்திக்குக் காத்திராமல் என் தோளைப் பிடித்து இறங்கினாள்.