பிரேமலாவின் மஞ்சள் எழுத்துகள்

ஷர்மினியைப் பார்த்த முதல் நாளே பிரேமலாவுக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு குறையும் இல்லை. இருபத்து நான்கு வயதுப் பெண், வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிட்டாள், தனக்கு மைலோ கலக்கும்போது இவளுக்கும் ஒரு கோப்பை கலந்து வைத்தாள். ஆனால் அவளுக்குக் கொரிய மொழியில் தட்டச்சு செய்யத் தெரிந்திருந்தது. பிரேமலாவின் வயிறு எரிய அது ஒன்றே போதும்.

பெர்மாஸ் ஜெயாவைத் தாண்டி இருக்கும் அந்தக் கொரிய மின்கம்பித் தொழிற்சாலையில், கணினியில் கொரிய எழுத்து அடிக்கத் தெரிந்த ஒரே உள்ளூர் ஆள் என்று ஒன்பது வருடமாகப் பெயர் வாங்கியிருந்தவள் பிரேமலா. கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு இங்கே பெட்டி கட்டும் பிரிவில் சேர்ந்தாள். பெட்டிகளின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்தே ஆசை வந்து, சனிக்கிழமை வகுப்புக்கு இரண்டு வருடம் பஸ் ஏறினாள். உயிரும் மெய்யும் கூடி ஒரே எழுத்தாக நிற்பது நமக்கென்ன புதிதா, கையால் எழுதுவது சீக்கிரமே வந்துவிட்டது. கணினிதான் உயிரை எடுத்தது. மெய்யெல்லாம் இடக்கைக்கு, உயிரெல்லாம் வலக்கைக்கு. எது எங்கே என்பது விரலில் ஏறவே இல்லை. கடைசியில் சின்னச் சின்ன மஞ்சள் எழுத்து ஸ்டிக்கர்களை வாங்கி விசைகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள்.

குனிந்து தேடுவாள், அடிப்பாள், நிமிர்ந்து திரையைப் பார்ப்பாள், மறுபடி குனிவாள். ஒரு கடிதத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆனாலும் பிழையில்லாமல் முடிப்பாள். மானேஜர் சோய் வாங்கிப் பார்த்துவிட்டு "பிரேமலா நம்பர் ஒன்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காய்ச்சலோடும் வேலைக்கு வந்திருக்கிறாள்.

ஷர்மினி சேர்ந்து மூன்றாவது வாரம், சோய் இருவரையும் அழைத்தார். கொரியாவின் பூசான் நகரிலிருந்து தலைமை அலுவலகத்தார் வருகிறார்கள். கூட்டத்தில் பேசுவதைக் காலையில் ஷர்மினி அடிக்கட்டும், மதியம் பிரேமலா. யார் நன்றாகச் செய்கிறார்களோ, அடுத்த மாதத்திலிருந்து கொரியக் கடிதங்கள் எல்லாம் அவருக்கே. மற்றவர் கிடங்குக்குப் போக வேண்டும்.

வீட்டில் பிரேமலா கணவன் வேலுவிடம் சொல்லிப் புலம்பினாள். விடிவதற்கு முன்பே எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிள் எடுப்பவன், அரைத் தூக்கத்தில் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"விடு லா. கிடங்குலயும் ஏர்கோன் இருக்குதானே."

இரண்டு நாள் அவனோடு அவள் பேசவில்லை.

ஷர்மினி அடிக்கும் சத்தம் மட்டும் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, தகரத்தில் மழை விழுவது போலக் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய் எப்படித்தான் அடிக்கிறாள் என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். மானம் இடம் கொடுக்கவில்லை. நேற்று வந்தவளின் பக்கத்தில் போய் நிற்பதா? சீரியல் பார்த்துப் படித்த கொரியம், எத்தனை நாளைக்கு ஓடும் என்று மனசுக்குள் கரித்துக்கொட்டினாள்.

கூட்டத்தன்று ஏழு மணிக்கே வந்துவிட்டாள். கூட்ட அறையில் இருந்த மடிக்கணினிக்கும் ஸ்டிக்கர் ஒட்டியது அவள்தான். நகத்தால் கிளப்பி, வலப்பக்கத்து உயிரெழுத்துகளில் ஆறை இடம் மாற்றி ஒட்டினாள். அந்தப் பெண்ணும் குனிந்து தேடித்தானே அடித்தாக வேண்டும். சாப்பாட்டு வேளையில் பழையபடி மாற்றி வைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

ஒன்பது மணிக்குக் கூட்டம் தொடங்கியது. ஷர்மினி அடிப்பது அப்படியே சுவரில் பெரிதாக விழுந்தது. விருந்தினர் காங் பேசப் பேச, வரி வரியாக, ஒரு பிசகும் இல்லாமல் வந்தது. பிரேமலா எட்டி அவள் கையைப் பார்த்தாள். பிறகு அவள் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் காங்கின் முகத்தில் இருந்தது. ஒரு தடவைகூட அது விசைப்பலகைக்குக் கீழிறங்கவில்லை. பிரேமலாவின் முகத்தில் ஈயாடவில்லை.

சாப்பாட்டு வேளையில் மாற்றிவிடலாம் என்றுதான் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். விருந்தினர்கள் பொட்டலச் சோற்றை அறைக்குள்ளேயே பிரித்துச் சாப்பிட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"பிரேமலா, யுவர் டர்ன்" என்றார் சோய்.

உட்கார்ந்தாள். எதை எங்கே மாற்றினோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கண் பார்த்த இடத்துக்கு விரல் ஓடியது. ஒன்பது வருடப் பழக்கம். காங் என்று அடித்தாள், சுவரில் கோங் என்று விழுந்தது. அழித்தாள், மறுபடி அடித்தாள், இன்னும் கேவலமாக வந்தது. காங் இருமினார். சோய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிரேமலாவின் முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

ஷர்மினி எழுந்து வந்தாள். விசைப்பலகையைக் குனிந்து பார்த்தாள், அன்றைக்கு அதுதான் முதல் தடவை. சோயின் பக்கம் திரும்பினாள்.

"சோரி சார்" என்றாள். "காலையில நான் துடைச்சேன். ஸ்டிக்கர் கழண்டு வந்துச்சு, மாத்தி ஒட்டிட்டேன். என் தப்பு."

சோய் கையை அசைத்து, இனி நீயே அடி என்று அவளையே உட்காரச் சொன்னார். பாதியில் எழுந்த பிரேமலாவுக்கு மூலையில் ஒரு நாற்காலி கிடைத்தது. கூட்டம் முடிவதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. கடிதங்கள் ஷர்மினிக்கு, கிடங்கு பிரேமலாவுக்கு.

சாயங்காலம் கோப்பை கழுவும் இடத்தில் பிரேமலா அவளை மடக்கினாள்.

"எதுக்குப் பொய் சொன்ன?"

"ஸ்டிக்கர் தானா இடம் மாறாதுக்கா." ஷர்மினி குழாயை மூடினாள். "நான் வந்து மூணு வாரம்தான், என்னைத் திட்டுனா திட்டிட்டுப் போறாங்க. நீங்க ஒன்பது வருஷம் நல்ல பேர் எடுத்தவங்க."

பிரேமலா கழுவிய கோப்பையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். நன்றி சொல்ல வாய் வரவில்லை. இவள் நடந்ததை அங்கேயே போட்டுக் கொடுத்திருந்தால், ஆயுசு முழுக்க நிம்மதியாக வெறுத்துக்கொண்டிருக்கலாம். பாவி, அதையும் பிடுங்கிக்கொண்டாள்.