பத்தடியின் கால்சட்டை

விறகுக் கடையில் அவளுடைய அப்பாவுக்குப் 'பத்தடி' என்று பெயர். செயின் ரம்பம் ஓடும்போது பத்தடிக்குள் யார் வந்தாலும், கடை முதலாளியே ஆனாலும், நிறுத்திவிடுவார். கட்டை உருளாமல் முட்டுக் கொடுத்து, கால் ஊன்றி, சங்கிலியின் இறுக்கம் பார்த்த பிறகே ரம்பத்தைக் கிளப்பும் கயிற்றை இழுப்பார்.

"அதுக்குள்ள கட்டை துளிர்த்துடும் போலிருக்கே!" என்பார் லோடு ஏற்றுகிறவர்.

"துளிர்க்கட்டும். ரெண்டு காலோட வீட்டுக்குப் போகணும்ல."

இந்த வேலைக்கென்றே தொடைக்குள் திண்டு வைத்துச் செய்த கனத்த கால்சட்டை ஒன்றும் அவரிடம் இருந்தது. போன வாரம் ஒரு ஆணி அதன் தொடையைக் கிழித்துவிட்டது. தையல் வேலை பார்க்கும் அம்மா, உள்ளே இருந்த திண்டையும் சேர்த்துப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக மெஷினில் ஓட்டினாள். இடைஞ்சலாக இருந்த லேபிளைக் கத்தரித்துப் போட்டாள். "துணி போனாலும் போகும், என் தையல் பிரியாது."

அப்பா அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன காலையில், மெஷினடியில் கிடந்த வெட்டுத்துணியைப் பெருக்கும்போது அந்த லேபிள் மகளின் கையில் வந்தது. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். திண்டின்மேல் தைக்கக்கூடாது என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. உள்ளே இருக்கும் இழைகள் தளர்வாக இருந்தால்தான் ரம்பம் பட்டதும் வெளியே வந்து சங்கிலியில் சுற்றி அதை நிறுத்துமாம். மூன்று வருடமாக அந்தக் கால்சட்டையைக் கொடியில் காயப்போட்டவள் அவள்தான். ஒருநாளாவது திருப்பிப் பார்த்தாளா? என்ன படிப்பு இது?

போன் அடித்தாள். காதை மூடிக்கொண்டு வேலை செய்கிறவருக்கு எங்கே கேட்கும்? ஓடினாள்.

அப்பா குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். தோளைப் பிடித்து இழுக்கத் துடித்த கையை அடக்கி, பத்தடி தள்ளிச் சுற்றிப் போய், அவர் கண்ணில் படும்படி இரண்டு கைகளையும் ஆட்டினாள். ரம்பம் நின்றது.

"என்னம்மா, அம்மாவுக்கு ஏதாவதா?"

"இல்லப்பா, உங்க கால்சட்டைக்கு."

கேட்டு முடித்தவர் தொடையைத் தடவிப் பார்த்தார். "இதை நம்பித்தான் காலையிலேருந்து நிக்கிறேன்." ரம்பத்தை ஓரமாக வைத்தார். "சரி, உங்கம்மாகிட்ட யாரு சொல்றது?"

"பத்தடி தள்ளி நின்னு சொல்லு!" என்றார் லோடுக்காரர்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அம்மா கால்சட்டையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். தொடைப் பக்கத்தைக் கத்தரியால் வெட்டித் திறந்து, வெள்ளை இழைகளை விரலில் சுற்றி இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். தையல் அசையவில்லை.

"நல்லா தைச்சதுதான் தப்பாப் போச்சா?"

லேபிளை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"புதுசு வாங்கினாலும் நான்தானே துவைக்கணும். இதுல மிச்சம் என்ன எழுதியிருக்கு? ஒரு வரி விடாம படி."

மகள் ஜன்னலோரம் போய் முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.