பின்சுவரில் திறந்த ஜன்னல்

சின்ன வீட்டை எப்படிப் பெரிதாகக் காட்டுவது என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. யாராவது ஒற்றை அறை வீட்டுக்குக் குடிபோனால் முதலில் என்னைத்தான் ஒரு நடை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். நானும் செருப்பைக் கழற்றியதுமே ஆரம்பித்துவிடுவேன். பீரோவை எதற்கு வெளிச்சம் வருகிற பக்கம் நிறுத்தினீர்கள், துணிக்கொடியை எதற்கு வீட்டுக்கு நடுவில் கட்டினீர்கள், இது வீடா சந்தையா என்பேன். காபி கலந்து வருவதற்குள் அந்த வீட்டுக்காரர் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கு வாயும் கையும் சும்மா இருக்காது. ஆனால் சுவரில் கை வைக்கச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்வேன். உங்களுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று. எதற்கு என்று கேட்டால், சும்மாத்தான் என்று சொல்லிவிடுவேன்.

இந்தப் பாடமெல்லாம் நான் படித்தது எண்பதுகளின் தொடக்கத்தில், அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலைக் குவார்ட்டர்ஸில். என் வீட்டுக்காரருக்கு அங்கே மூட்டை பிடிக்கிற பிரிவில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகிப் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அந்த வீட்டைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. ஒட்டிக்கொண்டு நின்ற வரிசை வீடுகளில் ஒன்று. ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஒரு வாசல். பின்வாசல் என்று ஒன்று கிடையாது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து, அதைத் தாண்டினால் சீமைக் கருவேலங்காடு. நட்டநடுப் பகலில்கூட உள்ளே குண்டு பல்பு எரிய வேண்டும். காலையில் கூட்டிவிட்டுப் போனால் மத்தியானம் டிரங்குப் பெட்டியின்மேல் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு புழுதி. எலி வளையானாலும் தனி வளை என்று என்னைச் சமாதானப்படுத்தி அனுப்பியிருந்தார்கள். எலிகூட அதில் இருக்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அழுதது ஒரு நாள். மறுநாள் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். கட்டிலுக்கு நாலு காலிலும் செங்கல் அடுக்கி உயர்த்தி, டிரங்குப் பெட்டி, அரிசி டின், அண்டா எல்லாவற்றையும் அதன் அடியில் தள்ளினேன். கட்டில் விளிம்பில் பழைய சேலையை மடித்துத் தைத்துத் தொங்கவிட்டதும் அடியில் ஒரு பலசரக்குக் கடை இருப்பதே தெரியவில்லை. கொடியை நடுவீட்டிலிருந்து அவிழ்த்து அடுப்படிச் சுவரோரம் கட்டினேன். நடுவில் தொங்குகிற துணி பாதி வீட்டைத் தின்றுவிடும். தரையில் எதுவும் நிற்கக் கூடாது, சுவரில்தான் ஏற வேண்டும் என்று பலகை வாங்கி அடித்தேன். அடுத்தது வெள்ளையடிப்பு. சுண்ணாம்பை ஊறவைத்து வடிகட்டி, அதில் கொஞ்சம் நீலமும் காய்ச்சிய வஜ்ரப் பசையும் சேர்க்க வேண்டும். நீலம் சேர்த்தால் வெள்ளை பளிச்சென்று தெரியும், பசை சேர்த்தால் சாய்ந்து உட்கார்ந்தவர் முதுகில் ஒட்டாது. பழைய பூச்சைச் சுரண்டாமல் அடிக்கவே கூடாது. சுரண்டாமல் அடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பின்சுவரைச் சுரண்டும்போது ஒரு கட்டம் தெரிந்தது. முழங்கால் உயரத்தில் தொடங்கி நெஞ்சளவுக்கு, நல்ல அகலத்தில். அந்த இடத்தில் மட்டும் பூச்சு புதிது. தட்டிப் பார்த்தால் சத்தமும் வேறு. புழுதிக்குப் பயந்து யாரோ மகாபுத்திசாலி ஜன்னலை அடைத்திருக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. வெளிச்சத்தை அடைத்துவிட்டு எப்படித்தான் குடித்தனம் பண்ணினார்களோ என்று அவர்களைத் திட்டிக்கொண்டே மீதியைச் சுரண்டினேன்.

"கம்பெனி சுவத்துல கை வைக்கலாமா?" என்றார் இவர்.

"அடைச்ச ஜன்னலத்தானங்க தொறக்கப் போறோம். புதுசாவா ஓட்ட போடுறோம்?" என்றேன்.

வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகாத மனிதர். அவருக்கும் அந்த வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. டவுனில் பழைய வீட்டுச் சாமான் விற்கிற இடத்தில் கம்பி வைத்த தேக்குச் சட்டம் ஒன்று கிடைத்தது. வெளியூர்க் கொத்தனார் ஒருவரை அழைத்து வந்து, ஒரே பகலில் அடைப்பை உடைத்துச் சட்டத்தைப் பதித்துவிட்டோம். மேற்கு வெயில் சரிந்து உள்ளே விழுந்து, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் பட்டு அடுப்படி வரைக்கும் போனது. வீடு ஒரு மடங்கு பெரிதாகிவிட்டது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை.

அந்தச் சந்தோஷம் பக்கத்து வீட்டு அக்கா வருகிற வரைக்கும்தான். அவள் அறுப்புக்கு ஊருக்குப் போயிருந்து அன்று சாயந்திரம்தான் திரும்பியிருந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கடலையைக் கொடுக்க வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வாங்கக்கா என்று கூப்பிட்டும் காலை எடுத்து வைக்கவில்லை. ஜன்னலையே பார்த்தாள்.

"ஏம்மா, அது ஜன்னலுன்னு யாரு சொன்னா ஒனக்கு? அது பொணம் போன வழிம்மா."

எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரே பெண். வயதுக்கு வந்து, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய நேரத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். போனது அவிட்ட நட்சத்திரத்தில். சில நட்சத்திரங்களில் செத்தால் அடைப்பு என்பார்கள். செத்தவர் மாதக்கணக்கில் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருப்பார் என்று பயம். அதனால் பிணத்தை வாசல் வழியாக எடுக்க மாட்டார்கள். சுவரை இடித்து அந்த வழியாக எடுத்துவிட்டு, திரும்பி வர வழி தெரியாதபடி உடனே அடைத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியாத பழக்கமா என்ன. எங்கள் ஊரில் மண் சுவரை இடித்து எடுத்ததைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கம்பெனி கட்டிக் கொடுத்த சிமெண்ட் வீட்டில், நம்பர் போட்ட வீட்டில், அப்படி ஒன்று நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெண்ணைப் பறிகொடுத்தவர்கள் வேறு வீடு கேட்டு வாங்கிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவளிடம் எப்படிச் சொல்வது என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

பயத்தை வீம்பில் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூப்பிட்டு அடைத்துவிடலாம் என்று இவர் சொன்னபோது சரி என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம். அரிசி களைந்துகொண்டிருந்தேன். சந்துப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால் ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு முகம். என் கையிலிருந்த பாத்திரம் நழுவி, அரிசி தண்ணீரோடு தரையெல்லாம் ஓடியது.

"பயப்படாத தங்கச்சி. நான் எதிர் வூட்டுக்காரி" என்றாள். நாற்பது வயது இருக்கும். எண்ணெய் காணாத தலை. கம்பியைத் தொடக்கூட இல்லை, கொஞ்சம் தள்ளித்தான் நின்றாள். "அடைக்கப் போறீங்கன்னு சொன்னாங்க. அடைச்சுடாத. வாசல் வழியா போயிருந்தா வாசல் வழியா வருவா. நாங்கதான் இப்பிடி அனுப்பிட்டு வழியையும் அடைச்சிட்டோம். அவளுக்கு வேற வழி தெரியாது."

சரிக்கா என்று சொன்னதாக ஞாபகம். அவள் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். ஒன்றும் பேச மாட்டாள். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவும் மாட்டாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இவர் சாயந்திர ஷிப்டுக்குப் போன நாட்களில் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கும். அடைத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். அந்த முகத்தை நினைத்து அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இவரிடம் சொல்லிவிடுவேன்.

ஒரு நாள் அவளே பேச்செடுத்தாள். "தங்கச்சி, ஒனக்குத் தலைக்கு ஊத்தி எத்தினி நாளாச்சு?"

வெள்ளையடிக்கிற மும்முரத்தில் நாள் தள்ளிப்போனதை நான் கவனிக்கவே இல்லை. விரல் விட்டு எண்ணினேன். அவள் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தது.

"வந்துட்டா" என்றாள். "எங்க போவா. வழி தெறந்ததும் வந்துட்டா."

கட்டினவனுக்குத் தெரியும் முன்னால், பெற்ற தாய்க்குத் தெரியும் முன்னால், அந்தப் பொம்பளைக்குத் தெரிந்துவிட்டது. அது என் பிள்ளை. என் வயிற்றுக்குள் இன்னும் துடிக்கக்கூட ஆரம்பிக்காத பிள்ளைக்கு வெளியே ஒருத்தி உரிமை கொண்டாடிக்கொண்டு நிற்கிறாள். எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. ராத்திரிச் சோறு போடும்போதே இவரிடம், நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். விஷயம் கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாள்.

"மாசமா இருக்கறப்ப ஆணிகூட அடிக்கக் கூடாதுடி. சுவத்த அடைக்கிறதாவது. ஓட்டைய அடைச்சா வயித்துப் புள்ளைக்கு ஆவாது. பெத்துப் பொழைச்சு வா, அப்பறம் பாத்துக்கலாம்."

அடைக்காவிட்டால் செத்தவள் வருவாளாம். அடைத்தால் இருக்கிற பிள்ளைக்கு ஆகாதாம். நடுவில் மாட்டிக்கொண்டு நான் முழித்தேன். ஆகாது என்று ஒருத்தர் சொன்ன பிறகு வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எவள் துணிவாள். கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளி வாசல் பக்கம் போட்டேன். கெட்டித் துணியில் திரை தைத்து மாட்டினேன். அதுவும் போதாமல், பெற்றவர்கள் கொடுத்த பீரோவை இவரும் பக்கத்து வீட்டுக்காரரும் தள்ள, கொண்டுபோய் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினேன். வெளிச்சத்தை மறைத்துப் பீரோ வைக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான்தான் வைத்தேன். வீடு பழையபடி குகையாகிவிட்டது. அன்று சாயந்திரம் பீரோவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"வெளிச்சத்த மறைச்சிட்டியே தங்கச்சி. அவளுக்கு இருட்டுன்னா ஆவாது."

யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. மறுநாளே பீரோவைப் பழைய இடத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேண்டுதல்தான். ஆண் பிள்ளை பிறக்க வேண்டும். மாமியார் வீட்டில் பேர் சொல்ல ஆண் பிள்ளை கேட்டார்கள். நான் கேட்டது அதற்காக இல்லை. பெண்ணாகப் பிறந்தால் இவள் வந்து தூக்கிக்கொண்டு செத்தவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். என் பிள்ளையும் திரும்பிப் பார்த்துவிட்டால் நான் எங்கே போவேன்? பெண் குழந்தை மட்டும் வேண்டாம், அவளை மட்டும் உள்ளே விடாதே என்று வாலிகண்டபுரம் கோயிலில் நின்று அழுதேன். வளைகாப்பு முடித்து அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனதும்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பிறந்தது ஆண்தான். நர்ஸம்மா சொன்னதும் நான் விம்மி விம்மி அழுதேன். ஆண் பிள்ளை பிறந்த பூரிப்பு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு கற்கண்டு கொடுத்தார்கள்.

அஞ்சாம் மாதம் பிள்ளையோடு குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினேன். உள்ளே நுழைந்ததும் என் கண் பழக்க தோஷத்தில் சுவருக்குத்தான் போனது. ஜன்னல் அடிக்கட்டை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கு மேலே, நான் நீலம் சேர்த்து அடித்த வெள்ளைச் சுவரில் கரிப் புகை நாக்கு நாக்காக ஏறியிருந்தது. நான் இல்லாத நாளெல்லாம் அவள் வெளியிலிருந்து கம்பிக்குள் கையை நீட்டி அகல் ஏற்றி வைத்திருக்கிறாள். இவர் பார்த்தும் தடுக்கவில்லை. "எப்பிடிச் சொல்றது அந்தம்மாகிட்ட?" என்றார்.

அன்றைக்கு அவள் சந்துப் பக்கம் வரவில்லை. முன் வாசலுக்கு வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, நல்ல சேலை கட்டியிருந்தாள். ஆண் பிள்ளை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்ல யாருக்கு வாய் வரும். கையில் துணிக்கடைப் பொட்டலம். பெண்ணை எடுத்துப் போன நாளுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அப்போதுதான்.

நான் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டேன். அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அந்தக் கையைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல முடியவில்லை, கொடுத்தேன். மடியில் கிடத்திக் கன்னத்தைத் தடவினாள். இடுப்புத் துணியை விலக்கினாள். பிறகு துணியை ஒழுங்காகச் சுற்றிவிட்டு, இரண்டு கையாலும் அவனை வழித்து நெற்றிப் பொட்டில் நெட்டி முறித்தாள்.

"நல்லாருக்கட்டும். மகராசனா இருக்கட்டும்" என்று என்னிடம் கொடுத்தாள்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிரிந்திருந்த காகிதத்துக்குள் பூப்போட்ட சின்னக் கவுன் தெரிந்தது. வாசல் வரைக்கும் போனவள் நின்று ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அவ இன்னும் வெளியிலதான் நிக்கிறா தங்கச்சி" என்றாள்.

அவள் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, விளக்குப் போட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே சந்தில் யாரும் இல்லை. எத்தனை மாதம் நான் அழுது கும்பிட்டு வாங்கினேனோ அது என் மடியில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. வாசல் தெரியாமல் ஒரு வயசுப் பெண் அங்கே நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. உள்ள வாம்மா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.