தொட்டிலுக்கு மேலே

பயப்படுவதற்கு ரோலண்டு அக்ராய்டுக்குத் தனியாக ஒரு காரணம் தேவையில்லை. இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் ஊரின் செங்குத்தான தெருக்களில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர்தான். ஆனால் மாடிக்குப் படுக்கப் போனால் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்துவிடும். இறங்கி வந்து பார்ப்பார், ஏறுவார், பாதிப் படியில் மறுபடி சந்தேகம். மனைவி இருந்தவரை அவள் ஒரு அதட்டல் போட்டுப் படுக்க வைத்தாள். அவள் போனபின் படியும் அவரும்தான்.

அப்படிப்பட்டவரிடம் மகள் லின்சி போனில் சொன்னாள், புருஷன் டீனோடு இனி ஒத்துவராது, கைக்குழந்தை பெட்சியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று. ரோலண்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே கவலையும் தாங்கவில்லை. மாடியில் காலியாக இருந்தது பின்பக்க அறை ஒன்றுதான். அதில் கிறிஸ்துமஸ் மரமும் பழைய சூட்கேஸ்களும் கூரைவரை அடைந்து கிடந்தன. குளிரோ, மூச்சு விட்டால் புகையாகத் தெரியும்.

சாமான்களைக் கூரைப் பரணில் ஏற்றிவிட்டு, அப்படியே பரணுக்குக் குளிர் தாங்கப் பஞ்சு மெத்தையும் போட்டுவிடலாம் என்று தானே இறங்கினார். நூறு வருஷத்துக்கு மேலான கல் வீடு. அறையின் சீலிங் என்பது மெல்லிய மரச்சிம்புகளின் மேல் அப்பிய சுண்ணாம்புச் சாந்து, அவ்வளவுதான். பரணில் சட்டத்தின் மேல் கால் வைத்தால் பிழைத்தோம், இரண்டு சட்டங்களுக்கு நடுவே வைத்தால் கீழ் அறையில் இருப்போம். மனுஷன் தவழ்ந்து தவழ்ந்தே வேலை பார்த்தார். சட்டங்களின் மேல் தடியாகப் பஞ்சுச் சுருளை விரித்தார். பஞ்சு நசுங்காமல் இருக்கக் குட்டைக் கால்கள் நட்டு நடுவில் மட்டும் பலகை அடித்தார். ஒவ்வொரு பெட்டியையும் கையில் தூக்கிப் பார்த்து, லேசானதை மட்டுமே மேலே ஏற்றினார்.

இதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கூரை சரிந்து வந்து சுவரைத் தொடும் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது, காற்று ஊதியது. அந்த ஊர்க்காரர்களுக்குத் திருடனைவிடப் பெரிய எதிரி இடுக்கில் நுழையும் காற்று. கதவடியில் மணல் அடைத்த துணி நாய்ப் பொம்மையைப் படுக்க வைக்காத வீடு அந்தத் தெருவிலேயே கிடையாது. ரோலண்டு மிச்சப் பஞ்சையெல்லாம் அந்த இடுக்குகளில் கெட்டியாகத் திணித்துவிட்டு, திருப்தியாக இறங்கினார்.

லின்சி வந்து சீலிங்கை அண்ணாந்து பார்த்தாள்.

"இதெல்லாம் நீங்களேவா செஞ்சீங்க?"

"ஆமாம்மா. ஏன்?"

"நீங்க மாட்டின அலமாரி என் மீன்தொட்டியோட கீழ வந்துச்சே, மறந்துட்டீங்களா?"

"அது சுவரு சரியில்ல."

"இங்க பாருங்கப்பா. டீனோட அம்மா அவங்க வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. அந்தம்மாவ எனக்குப் பிடிக்காது. ஆனா புது வீடு, தலைல எதுவும் விழாது. இவளுக்கு ஏதாவது ஆபத்துன்னு தெரிஞ்சா நான் அங்க போயிடுவேன்."

அன்றிலிருந்து ரோலண்டுக்கு அடுப்புக் கவலை போய் சீலிங் கவலை பிடித்துக்கொண்டது.

ஜனவரியில் உறைபனி இறங்கியது. ஒரு காலை பால் புட்டியோடு குழந்தையின் அறைக்குப் போனவர், தொட்டிலுக்கு நேர் மேலே சாஸர் அகலத்துக்குப் பழுப்புக் கறையைப் பார்த்தார். லின்சி வருவதற்குள் தொட்டிலைக் கதவுப் பக்கச் சுவரோரம் தள்ளினார்.

"ஏம்ப்பா நகர்த்துனீங்க?"

"சன்னல் பக்கம் காத்து அடிக்குதும்மா."

"இந்த அறைல இன்னும் காத்து வர இடம் பாக்கி இருக்கா? பழைய இடத்துலதான் எனக்கு வசதி. அப்புறமா திருப்பி வெச்சுக்கறேன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மூட்டை கட்டிவிடுவாளே என்ற பயம் வாயை அடைத்தது. குழந்தை தூங்கி, லின்சி துணி உலர்த்தச் சமையலறைக்கு இறங்கியதும் அவர் சத்தமில்லாமல் ஏணியில் ஏறினார்.

ஓட்டில் விரிசல் இல்லை. குழாயும் காய்ந்திருந்தது. ஆனால் ஆணி முனைகளிலெல்லாம் நீர்த்துளி தொங்கியது. பெட்டிகள் நமுத்துக் கிடந்தன. டார்ச்சோடு திகைத்து உட்கார்ந்தவருக்குக் குளிர்கால பஸ்ஸின் மேல்தளம் ஞாபகம் வந்தது. ஈரக் கோட்டோடு ஏறிய ஜனம் காற்று வருகிறதென்று எல்லாக் கண்ணாடியையும் மூடிவிடும். கொஞ்ச நேரத்தில் கூரையிலிருந்து அவரவர் கழுத்தில் சொட்டும். கீழே வெந்நீர், குழந்தைத் துணி, மூச்சு எல்லாம் ஆவியாகி மேலே வந்திருக்கிறது. அது வெளியேறும் வழியைத் தன் கையாலேயே அடைத்திருக்கிறார்.

இனி ஒரு நிமிஷமும் பொறுக்க முடியவில்லை. பலகை அந்த ஓரம்வரை போகாது. பஞ்சுக்கு அடியில் சட்டம் எங்கே என்று தெரியாது. அவ்வளவு நாள் தவழ்ந்த மனுஷன் அன்று பலகையைத் தாண்டி நின்று, எட்டி ஒரு கொத்துப் பஞ்சைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் கால் பின்னுக்குப் போனது. சடசடவென்று சாந்து உடைந்தது. தொடைவரை உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டார்.

கீழே குழந்தை வீறிட்டது. பிறகு சட்டென்று அழுகை நின்றது.

அவள் தொட்டிலைத் திருப்பி வைத்திருப்பாளோ? குனிந்து பார்க்க முடியவில்லை. "லின்சி! லின்சி!" என்று கத்தினார். கத்துகிறோமா அழுகிறோமா என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரு கை அவர் பாதத்தைப் பிடித்தது.

"அப்பா, ஆடாம நில்லுங்க. இன்னும் விழுது."

"குழந்தை?"

"என் தோள்ல இருக்கா. மூக்கு மேல கொஞ்சம் தூசி, அவ்வளவுதான்."

"தொட்டில்?"

"நீங்க வெச்ச இடத்துலயே இருக்கு. திருப்பி வைக்கத்தான் வந்தேன். அப்புறம் நீங்க சும்மா சொல்ல மாட்டீங்கன்னு விட்டுட்டேன்." பாதத்தைப் பிடித்த கை இறுகியது. "அது முன்ன இருந்த இடத்துல சாந்து பெரிய கட்டியா கிடக்குதுப்பா."

"கறையப் பாத்தேன்மா. சொன்னா நீ போயிடுவேன்னு பயந்து..." கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். "டீனோட அம்மா வீட்டுக்குப் போன் போட்டுடு. நானே கொண்டுபோய் விடறேன்."

லின்சி பாதத்தை விடவில்லை. தொங்கிய காலுறையை இழுத்துச் சரிசெய்தாள்.

"மெதுவா காலத் தூக்குங்க. டீ போடறேன். இன்னிக்கு நாங்க உங்க ரூம்ல படுத்துக்கறோம், நீங்க சோஃபால படுங்க."

"அப்ப நீ போகலையா?"

"ராத்திரி அடுப்பப் பாக்க எப்படியும் எழுந்திருப்பீங்கல்ல?"

"ஆமா..."

"அப்படியே மேல வந்து, தொட்டிலையும் ஒரு தடவ பாத்துட்டுப் போங்க."