நார் கருகும் வாசம்

வாடிய பூமாலையைக் குப்பையோடு கொளுத்திவிட்டார்கள். வாழைநார் கருகும் வாசம் வந்ததும் என் மடி கனக்கிறது.

பெட்ரோல் அளந்து கிடைத்த யுத்த காலம். அப்பா தன் பழைய காரில் வயர்களின் மேலுறை உதிரும் இடமெல்லாம் தோட்டத்து வாழைநாரைச் சுற்றிக் கட்டிவிடுவார். ஒருநாள் குமுளி மலையிறக்கத்தில் மூடுபனிக்காக விளக்கைப் போட்டதும் ஸ்டியரிங்குக்குக் கீழே புகை கிளம்பியது. அம்மாவின் மடியில் பெட்ரோல் டின்; பக்கத்தில் சின்னப் பெண்ணாக நான்.

“நிறுத்துங்க!” என்றாள்.

“இறக்கத்துல சட்டுனு நிக்காது புள்ள!”

அம்மா டின்னை என் மடிக்கு மாற்றினாள். “ஆத்தா, அசையாம பிடிச்சுக்க.”

எரிகிற வயர்களை வெறுங்கையால் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. பனிக்குள் வழி தெரியாமல் உருண்ட கார், மலைப்பக்கம் உரசி நின்றது.

வெந்த கையை ஊதிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: “இனிமே நாரு பூக்கட்டத்தேன்.”

குப்பையில் தண்ணீர் ஊற்றுகிறேன். நெருப்பு அணைந்த பிறகும் ஊற்றுகிறேன்.