ஏழு நாள் தண்ணீர் படக்கூடாது

என் தம்பிக்கு என் நினைவு வருவது ஏதாவது தேவை வந்தால்தான். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, ஆனால் சொல்வது உண்மை. வாகன இறக்குமதித் தடை நீங்கி, அவன் வெள்ளை நிறத்தில் புத்தம் புதிய டபுள் கெப் வாகனம் ஒன்று எடுத்தபோது, நாலு வருடத்தில் முதல் தடவையாக அவனே எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, நீங்கள் வாகனங்களுக்குப் பிலிம் ஒட்டுறனீங்கள் எல்லோ? கை சுத்தமெண்டு இஞ்ச ஆக்கள் கதைக்கினம்."

நாலு வருடம் என்பது என் கணவர் இறந்த நாளிலிருந்து எண்ணியது. அவர் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் கடை வைத்திருந்தார். முச்சக்கர வண்டிகளின் முதுகில் ஒட்டுவதற்குச் சாமிப் படம், காதல் வசனம், பிள்ளையின் பெயர் என்று எது கேட்டாலும் வெட்டிக் கொடுப்பார். அவர் போன பிறகு ஸ்டிக்கர் வெட்டும் பிளேட்டை நான் எடுத்தேன். ஒருகொடவத்தையில் வாகனங்களுக்குப் பிலிம் ஒட்டும் வேலைத்தளம் வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் முதலாளி என் கையைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிட்டார். இப்போது அங்கே எந்தப் பெரிய வாகனம் வந்தாலும் பொனட், அதாவது எஞ்சின் மூடி, என்னுடைய வேலை. புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, வேலை செய்கிற ஆள் எங்கே என்று கேட்பார்கள். நான் பிளேட்டைத் தூக்கிக் காட்டுவேன்.

தம்பி வெள்ளவத்தையில் இருக்கிறான். கொள்ளுப்பிட்டியில் ஏசி விற்று, வீடு வீடாகப் பூட்டிக் கொடுக்கும் வியாபாரம். நன்றாக ஓடுகிறது. அவன் மகள் பெரிய பிள்ளையானபோது, மாமி என்ற முறையில் தண்ணீர் வார்க்க வேண்டியவள் நான். மச்சாள், அதாவது தம்பியின் மனைவி, வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். சடங்கு முடிந்து மறுநாள் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமாம். தாலி இழந்தவள் தண்ணீர் வார்க்கக் கூடாது என்று எழுதவில்லை. அவள் மரியாதை தெரிந்தவள். நான் போகவில்லை. அன்று தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாதது.

அப்படிப்பட்டவன் வாகனத்தோடு வந்து நின்றான். பிலிம் என்பது தடித்த கண்ணாடித் தோல் மாதிரி. தெருவில் தெறிக்கிற கல்லும் உரசுகிற கொப்பும் அதைத்தான் கீறும், பெயின்டைத் தொடாது. அதற்கு மேல் செராமிக் கோட்டிங் பூசினால் அழுக்குப் பிடிக்காது. மச்சாளுக்கு மினுங்காத வெள்ளை வேண்டும் என்பதால் மட் பிலிம் கேட்டான். நான் விலையைச் சொல்லிவிட்டு, என் கூலியை மட்டும் கழித்தேன்.

"பிலிமுக்கும் கோட்டிங்குக்கும் முதலாளியிட்டக் குடு. எனக்கு ஒண்டும் வேண்டாம். பூசையண்டைக்கு நான் உன்ர பக்கத்தில நிப்பன். அதுதான் என்ர கூலி."

அவன் சிரித்தான். "இதென்ன கதை அக்கா? நீங்கள் இல்லாமலோ?"

நான் நம்பினேன். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனுசி இப்படி நம்புவது வெட்கக்கேடு. ஆனால் நம்பினேன்.

ஐந்து நாள் அந்த வாகனத்தோடு கிடந்தேன். பொனட்டுக்கு ஒரே துண்டு. பேபி ஷாம்பூ கலந்த தண்ணீரை விசிறி, பிலிமை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பலகையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு கொப்புளம் விட்டால் அது ஆயுளுக்கும் நிற்கும். பக்கக் கண்ணாடிகளின் முதுகுதான் சனியன். ஹீட் கன்னால் சூடு காட்டி, பிலிமை இழுத்து, இழுத்த கையை எடுக்காமல் அரை மணித்தியாலம் நிற்க வேண்டும். கதவுக் கைபிடிக்குக் கீழே உள்ள குழியையும், கதவைத் திறந்தால் மட்டும் தெரிகிற ஓரங்களையும் சுற்றி மடித்தேன். வேறு ஆளுடைய வாகனமென்றால் அவ்வளவுக்குப் போக மாட்டேன். அந்த வாகனத்தில் என் விரல் படாத இடம் எஞ்சினும் சில்லும் மட்டுந்தான்.

மூன்றாம் நாள் மச்சாள் வந்து பார்த்தாள். வாசனைத் திரவியம் கோட்டிங்கை விடத் தடிப்பாகப் பூசியிருந்தாள்.

"மச்சாள், நகம் படாமத்தானே செய்யிறீங்கள்?"

"நகம் வளர்க்கிற அளவுக்கு எனக்கு வசதியில்லை மச்சாள்" என்றேன். அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாகனத்தைச் சுற்றி நடந்தாள்.

எங்களிடம் வரும் தமிழ் ஆட்களுக்கு நான் இரண்டு விசயம் சொல்லி அனுப்புவேன். கோட்டிங் காய்ந்து இறுக வேண்டும், அதனால் ஏழு நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது, கழுவக்கூடாது. மற்றது, அந்த ஏழு நாளுக்குள் பூசை செய்தால் சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் முன் கண்ணாடியில் வையுங்கள், வாகனத்தின் உடம்பில் வைக்காதீர்கள். சந்தனமென்று கடையில் விற்பதில் பாதி மஞ்சள். இறுகாத கோட்டிங்குக்குள்ளால் அது இறங்க, மட் பிலிம் குடித்துவிடும். தம்பிக்குத் தண்ணீர் விசயத்தை மட்டும் சொன்னேன். சந்தனத்தைச் சொல்லவில்லை, ஏனென்றால் நான்தான் பக்கத்தில் நிற்கப் போகிறேனே. ஐயர் கிண்ணத்தை எடுத்ததும், "ஐயா, கண்ணாடியில வையுங்கோ" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும், அக்காதான் இந்த வேலை முழுக்கச் செய்தவா என்று நாலு பேர் தங்களுக்குள் கதைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தச் சின்ன ஆசையை நினைத்தால் எனக்கே இப்போது எரிச்சல் வருகிறது.

கோட்டிங் பூசி மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, வெள்ளவத்தையில் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் பூசை. நான் நீலப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பொனட்டில் மாலை. மச்சாளின் ஆட்கள் ஏழெட்டுப் பேர். தம்பி என்னைக் கண்டதும் கிட்ட வந்தான். மச்சாள் மூன்றடி பின்னால் நின்று மாலையைச் சரிசெய்வது போலக் காதை எங்கள் பக்கம் வைத்திருந்தாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. வாகனம் முதல்முதல் வெளிக்கிடேக்க முன்னுக்கு நீங்கள்... முழுவியளம் சரியில்லையெண்டு இவள் பயப்பிடுறாள். றோட்டுக்கு அங்கால, அந்தப் பேக்கரியடியில நிண்டு பாருங்கோவன். பூசை முடியக் கூப்பிடுறன்."

முழுவியளம் என்பது புறப்படும்போது எதிரே யார் நிற்கிறார்கள் என்ற சகுனம். சுமங்கலி நின்றால் லாபம். நான் நின்றால் விபத்து.

"ஒட்டேக்க அஞ்சு நாளும் முன்னுக்குத்தானேடா நிண்டனான்?" என்றேன்.

"அது வேற அக்கா."

நான் றோட்டைக் கடந்தேன். என்ன வேண்டுமென்று பேக்கரிக்காரர் சிங்களத்தில் "மொனவாத ஓனே?" என்று கேட்டார். வாசலை மறித்துக்கொண்டு சும்மா நிற்க முடியாததால் ஒரு பணிஸ் வாங்கினேன். எதிரே ஐயர் கிண்ணத்தில் விரலைத் தோய்ப்பது தெரிந்தது. அது அகலமான தெரு அல்ல. ஒரு சத்தம் போட்டால் போதும். கண்ணாடியில வையுங்கோ ஐயா, அவ்வளவுதான். நான் பணிசைக் கடித்தேன். ஐயர் மூன்று விரலால் பொனட்டின் நடுவில் சந்தனத்தை நல்ல தடிப்பாக இழுத்தார். அதற்கு மேல் வட்டமாக ஒன்று அப்பினார். சாமிக்கு வைத்ததை யாரும் துடைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கழுவவும் மாட்டார்கள், ஏழு நாளைக்குத் தண்ணீரை நானே தடுத்துவிட்டேன். அந்த நேரம் எனக்கு நல்ல சந்தோசமாக இருந்தது. இதை மறைக்கப் போவதில்லை.

தேங்காய் உடைத்தார்கள். வாகனம் எலுமிச்சம்பழங்களை நசித்துக்கொண்டு புறப்பட்டது. ஏறக்கூடிய அத்தனை பேரும் அதில் ஏறினார்கள், மற்றவர்கள் முச்சக்கர வண்டி பிடித்தார்கள். பூசை முடியக் கூப்பிடுகிறேன் என்றவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைத் தாண்டிப் போய்க் காலி வீதிப் பக்கம் திரும்பினான். என்னைக் காணாத மாதிரியும் இருந்தது, கண்ட மாதிரியும் இருந்தது. பணிஸ் பாதி கையில் இருந்தது. அதைத் தின்று முடித்துவிட்டுத்தான் பஸ் எடுத்தேன்.

ஒன்பதாம் நாள் அவன் வேலைத்தளத்துக்கு வந்தான். தனியாக வந்தான். பொனட்டின் நடுவில் மூன்று மஞ்சள் கோடும் ஒரு வட்டமும் அப்படியே இருந்தன. நல்ல வெள்ளையில் தூரத்திலிருந்தே தெரிந்தது. முதலாளி குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்து, "மஞ்சக் கறதான் இது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் இதற்கு மருந்து தெரியும். மஞ்சளுக்கு வெயில் ஆகாது. மூடாமல் வெளியில் விட்டால் இரண்டு கிழமையில் தானாக வெளுத்துவிடும். முன்பும் மூன்று நாலு வாகனத்தில் கண்டிருக்கிறோம். ஆனால் தம்பி கடற்காற்றுக்குப் பயந்து வாகனத்தை அடுக்குமாடி பிளட்டின் கீழ்த் தளத்தில், துணி போட்டு வைத்திருந்தான்.

முதலாளி வெளியே போனார். உண்மையைச் சொன்னால், எனக்கு அதற்குள் கோபம் பாதி இறங்கியிருந்தது. அவன் முகம் வாடியிருந்ததைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. வெயில் விசயத்தைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"பூசையண்டைக்கு வைச்ச சந்தனம்தானே இது?"

"சந்தனம் எல்லா வாகனத்திலயும்தானே அக்கா வைக்கினம்" என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "அண்டைக்கு நீங்கள் அங்கால நிண்டு கண் வெட்டாமல் பாத்துக்கொண்டு நிண்டனீங்களாம். இவளின்ர ஆக்கள் கண்டவையாம்."

"நீதானே அங்க நிக்கச் சொன்னனி?"

"நான் ஒண்டும் சொல்லேல்ல அக்கா. அவைதான் கதைக்கினம்."

கறையைத் துடைத்துப் பார்க்க ஒரு துணி எடுப்பதற்காக உள்ளே போனேன். திரும்பி வரும்போது, நான் நின்ற இடத்தில் தம்பி குந்திக்கொண்டிருந்தான். இடது கையில் பேப்பர்த் துண்டு ஒன்று. வலது கை நகத்தால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

எனக்கு உடனே விளங்கியது. கண்ணூறு கழிப்பதென்றால், கண் போட்டவளின் காலடி மண் வேண்டும். செத்தல் மிளகாய், உப்பு, அந்த மண், மூன்றையும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். என் தம்பி கறையைக் காட்ட வரவில்லை. என் காலடி மண் எடுக்க வந்திருக்கிறான். பிலிமுக்குள் ஒரு தூசி போனாலும் வேலை கெட்டுவிடும் என்பதால் எங்கள் தரை மாபிள், நாளுக்கு மூன்று தரம் கழுவுவோம். அதில் மண் ஏது? ஏசி முதலாளி ஈரத் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

என்னைக் கண்டதும் எழும்பினான். "சாவி விழுந்திட்டுது" என்றான்.

சாவி வாகனத்திலேயே தொங்கியது. அழுதால் அதையும் போய் மச்சாளிடம் சொல்வான் என்று அழவில்லை. அவன் கையிலிருந்த பேப்பரைப் பறித்துக்கொண்டு வெளியே போனேன். வாசலில் கொள்கலன் லொறிகள் ஓடி ஓடி மண் மாவாய்க் கிடக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் ஊன்றி மிதித்தேன். மிதித்த இடத்திலிருந்து ஒரு பிடி அள்ளிப் பேப்பரில் போட்டு அவனிடம் நீட்டினேன்.

"இந்தா. உள்ளுக்க மண் இராது."

அவன் முகம் கறுத்துவிட்டது. தட்டிவிடுவான் என்று நினைத்தேன். என்ன அக்கா இது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் மறந்து, பொனட் பிலிமைக் காசில்லாமல் உரித்து மாற்றிக் கொடுத்திருப்பேன். அவன் பேப்பரை வாங்கினான். சிந்தாமல் நாலாக மடித்தான். சட்டைப் பையில் வைத்து மேலே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு, வேலைக்காரியிடம் கேட்பது போல அல்ல, பழைய தம்பி கேட்பது போலவே கேட்டான்.

"அப்ப அந்தக் கறைக்கு என்னக்கா செய்யிறது?"

"வெயில் மட்டும் படவிடாத" என்றேன். "வெளியில விட்டா இன்னும் நாலு பேர் பாப்பினம். கீழ பார்க்கிங்கிலயே வை. ஓடாத நேரமெல்லாம் துணியால நல்லா மூடி வை."

"ஓம் அக்கா" என்றான். அவன் போய் ஒரு மாதமாகிறது. அவர்கள் வீட்டுக்குப் போய்வந்த உறவுக்காரர் ஒருவர் சொன்னார், கண்ணூறும் கழித்தார்களாம், மஞ்சள் மட்டும் போகவில்லையாம், தம்பி வாகனத்தை ஓடிவிட்டு வந்து நிறுத்தியதும் முதல் வேலையாகத் துணியால் மூடுகிறானாம். என் கணவர் போன பிறகு அவன் நான் சொன்ன ஒன்றையாவது தட்டாமல் கேட்டிருக்கிறான்.